நூற்றுப் பத்து ஜன்னல்கள்

"எங்க தாத்தா பிறந்த வீட்டுல எத்தனை ஜன்னல் தெரியுமா? நூத்திப் பத்து! தாத்தா தன் வாயாலயே சொன்னது."

"எங்க கொள்ளுப்பாட்டி ஏழை விடுதியில கஞ்சி குடிச்சு வளர்ந்தவங்க. அதுக்கு இப்ப என்ன?"

"அதுக்காகத்தான் வேண்டாங்கறேன், கிளைவ்."

நாற்பது வருடத்துக்கு முன்னால், கொட்டும் மழையில், பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ரோசலிண்ட் ஃபேர்க்ளோ சொன்ன பதில் அது. கிளைவ் ஸ்டப்ஸ் மறுநாளே மோதிரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு வேறு எந்தப் பெண்ணையும் அவன் கல்யாணத்துக்குக் கேட்கவில்லை.

இப்போது அவனுக்கு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. ரோசலிண்டோ கல்யாணம், விவாகரத்து இரண்டையும் முடித்துவிட்டு, மூன்று வருடமாகப் புதன்கிழமை தவறாமல் அங்கே வருகிறாள். வம்ச வரலாறு எழுதுகிறாளாம்.

இந்தப் புதனும் வந்தாள். பழைய தாளில் மசி பட்டுவிடக் கூடாதே என்று, வாசலில் அவளுடைய மசிப்பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். "ஃபேர்க்ளோ குடும்பத்துக்கே பென்சிலா?" என்று முகத்தைச் சுளித்தாள். வாராவாரம் சுளிப்பதுதான்.

"என்ன மிஸ் ஃபேர்க்ளோ, மாளிகை கிடைச்சுதா?" கிளைவ் தணிந்த குரலில் கேட்டான். சத்தமாகப் பேசினால் படித்துக்கொண்டிருப்பவர்கள் முறைப்பார்கள்.

அவள் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை விரித்தாள். "பாரு. பிறந்த இடம், எண் மூணு, லார்க் லேன். அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு. யாராவது பிரபுவா இருக்கும். பெரிய இடத்துல எல்லாம் பேர் போட மாட்டாங்க. உனக்கு எங்க இதெல்லாம் புரியப்போகுது?"

கிளைவுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஏழை விடுதியில் பிறந்த குழந்தை பின்னால் தலைகுனியக் கூடாது என்று, சான்றிதழில் விடுதியின் பெயரை மறைத்து வெறும் கதவு எண்ணையும் தெருவையும் போடுவது அந்தக் காலத்து வழக்கம். எண் மூன்று, லார்க் லேன், வடக்கே இருபது மைலில், கதியற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றிய ஏழை விடுதி. இடித்து ஐம்பது வருடமாகிறது. அது கிடக்கட்டும், சொந்த வீட்டு ஜன்னலை எவனாவது எண்ணுவானா? துடைக்கிறவன்தான் எண்ணுவான்.

மூன்று வருடமாக இதை அவன் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். சொன்னால் புதன்கிழமைகள் போய்விடுமே.

"சனிக்கிழமை நம்ம ஊர் வம்ச வரலாற்றுச் சங்கத்துல பேசறேன். தலைப்பு, 'என் தாத்தாவின் மாளிகை'. எண்பது பேர் வர்றாங்க. நீயும் வா, கடைசி வரிசையில இடம் இருக்கும்."

கிளைவ் மனசுக்குள் கணக்குப் போட்டான். அந்த எண்பது பேரில் எழுபது பேருக்காவது கதவு எண் சூட்சுமம் தெரியும். மேடையிலேயே வைத்துச் சிரித்துவிடுவார்கள்.

அவள் நீட்டிய சீட்டைப் பார்த்தான். 'மதப் பதிவேடு, 1893' என்று எழுதியிருந்தாள். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் பாவம் அப்படி எழுதிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். மதப் பதிவேடு ஏழை விடுதியில் வைத்திருப்பது. செத்தால் யாரை எந்த முறைப்படி புதைப்பது என்று தெரிய வேண்டாமா?

உள்ளே போனவன் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, திரும்ப அலமாரியிலேயே வைத்தான். பிறகு அவள் சீட்டில் எழுதியிருந்ததையே எடுத்து வந்து, பஞ்சுத் திண்டின் மேல் வைத்துத் திறந்தான்.

"ரோஸ், இதைப் படி. அப்புறம் இந்தப் பக்கமே நீ வராமப் போனாலும் பரவாயில்ல. நாலு பேர் முன்னாடி நீ அசிங்கப்படக் கூடாது."

'ஹன்னா ஃபேர்க்ளோ. வயது ஒன்பது. மெதடிஸ்ட். தகவல் சொன்னவர்: அவளே.'

"உன் தாத்தாவோட அம்மா. தாத்தா பிறந்ததும் அதே விடுதியிலதான். லார்க் லேன்ல மாளிகை எதுவும் இல்ல, ரோஸ்."

அவள் அழப்போகிறாள் என்று பயந்து கைக்குட்டையைத் தேடினான். ரோசலிண்ட் பென்சிலை மேஜைமேல் வைத்தாள்.

"அப்பாடா! வாயைத் திறக்க உனக்கு மூணு வருஷம் ஆச்சு."

"என்னது?"

"முதல் தடவை வந்த அன்னிக்கே இந்தப் பக்கத்தைப் பார்த்தாச்சு. அன்னிக்கு நீ லீவு. நீயா சொல்லுவேன்னு வாராவாரம் வந்து மாளிகை, பிரபுன்னு அளந்துக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா தலையாட்டிக்கிட்டே பென்சில் சீவிக் கொடுக்கறே!"

"அப்ப... சனிக்கிழமை கூட்டம்?"

"கூட்டமாவது ஒண்ணாவது! பயமுறுத்தினாத்தான் உனக்குப் பேச்சு வரும்னு இப்பத்தான் எனக்குப் புத்தி வந்தது."

"நீயே சொல்லியிருக்கலாமே, ரோஸ்?"

"எப்படிச் சொல்றது? சோறு இல்லாத வம்சம்னா திமிர் இருக்காதா என்ன?"

பக்கத்து மேஜைக்காரர் "உஷ்!" என்றார். ரோசலிண்ட் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த அறையில் யாரும் இதுவரை பேசியிராத சத்தத்தில் பேசினாள்.

"நீ மறுபடியும் கேக்கப் போறதில்ல. சரி, நானே கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா, கிளைவ்?"