சைக்கிள் இல்லாதவர்

“சைக்கிளே இல்லாதவருக்குச் சைக்கிள் வரியைப் பற்றி என்ன கவலை?” என்று கேட்டேன்.

வாசகசாலை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன்.

மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு இன்னும் இரண்டு மாதம். வரப்போகிற அரசாங்கம் யாரிடம் எவ்வளவு வரி வாங்கினால் நியாயம் என்று விவாதம் வைத்திருந்தோம். முடிவில் ஒரு தீர்மானம்: ஏழைகளின் சைக்கிள் வரியை எடுத்துவிட்டு, அதை மோட்டார் கார்க்காரர்கள் தலையில் ஏற்ற வேண்டும். நிறைவேறினால் நகரசபைக்கு மனு போகும்.

நான் செயலாளர். மலாக்காவுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்றாலும் என் வாய்ப்பேச்சு ஊர் முழுக்கத் தெரியும்.

“சைக்கிள் வரி இரண்டு வெள்ளி. முதலாளிக்கு அது காப்பிக் காசு. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவனுக்கு அது முக்கால் நாள் கூலி. தொகை ஒன்று என்பதால் பாரமும் ஒன்றாகிவிடுமா?” என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தபோது கைதட்டல் அடங்க நேரமானது.

எதிர்த்துப் பேச எழுந்தது ஒரே ஓர் ஆள். அப்பாசாமி. ரோட்டுக்குத் தார் போடுகிற கூலிக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கூட்டத்துக்கு நடந்தே வந்திருந்தார். சைக்கிளே இல்லாதவர் என்று நான் கேலி செய்தது இவரைத்தான்.

“கட்டணும். ஏழையும் கட்டணும். நேரத்துக்குக் கட்டணும்.”

அவ்வளவுதான் அவருடைய வாதம். காரணம் கேட்டால் மறுபடியும் அதையே சொன்னார்.

வரி நின்றால் தார் நின்றுவிடும், தார் நின்றால் தன் சம்பளம் நின்றுவிடும் என்று அண்ணன் பயப்படுகிறார் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பின் வரிசைப் பெரியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. விவாதம் அவர்கள் தலைக்குள் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர்களோடு கம்போங் செட்டிக் குடியிருப்பு ராஜரத்தினமும் இருந்தார். நகரசபையில் சைக்கிள் வரி வாங்கிக்கொண்டு லைசன்ஸ் எழுதிக்கொடுக்கும் குமாஸ்தா. தமிழ் கேட்டால் புரியும், பேசுவது மலாய்.

வாக்கெடுப்புக்கு ஒரு விதி வைத்திருந்தேன். சைக்கிள் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. இந்த வருட ரசீதை மேசையில் காட்ட வேண்டும். நான் பெயரைச் சத்தமாகப் படிப்பேன், அவர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

நாற்பத்தொரு பேர் காட்டினார்கள். நாற்பத்தொரு பேரும் என் பக்கம்.

கடைசியில் அப்பாசாமி மேசைக்கு வந்தார்.

“ரசீது இருந்தாத்தான் ஓட்டு, அண்ணே,” என்றேன், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே மடிப்புக் கலையாமல் ஏழு ரசீதுகள். மேலே இருந்ததை எடுத்து நீட்டினார். 1957 ஜனவரி 2. கவுண்டர் திறந்த முதல் நாளே கட்டியிருக்கிறார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெயரைப் படித்ததும் தெம்பு வந்தது.

“தேவதாஸ், தகப்பனார் பெயர் அப்பாசாமி. ஓ, சைக்கிள் மகனோடதா? அப்ப ஓட்டும் மகனுக்குத்தான். கூட்டிட்டு வாங்கண்ணே, சின்னவரு எந்தப் பக்கம்னு கேட்டுருவோம்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“சூடாலா, கருணா,” என்றார் ராஜரத்தினம் என்னிடம். போதும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

அப்பாசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“அம்பத்தொண்ணுல, சம்பளம் வரட்டும், அப்புறம் கட்டிக்கலாம்னு நான்தான் சொன்னேன் தம்பி. பெரிய ரோட்டுல போலீஸ் லைசன்ஸ் கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டு, எம்புள்ள புக்கிட் ரம்பாய்லேருந்து ரப்பர் காட்டு வழியா வந்திருக்கான். ஊரடங்கு நேரம். உள்ள பட்டாளத்துக்கும் காட்டுல இருந்த கம்யூனிஸ்டுக்காரனுங்களுக்கும் சண்டை. யாரு குண்டுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சைக்கிளும் கெடைக்கல.”

டின்னின் அடியில் இருந்த ரசீதை விரலால் தொட்டார்.

“அடக்கம் பண்ணின மறுநாள் போய் இதக் கட்டினேன். இவருதான் எழுதிக் குடுத்தாரு.”

ராஜரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். ஏழு வருடமாக இல்லாத சைக்கிளுக்கு லைசன்ஸ் எழுதுகிற கை அது.

“நீங்க பேசினது நியாயந்தான், தம்பி. நான் இல்லேங்கல. ஆனா இந்த வரியே வேணாம்னு இப்ப எடுத்துட்டா, எம்புள்ள எதுக்காக அந்த வழியா போனான்?”

நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் நான்கு பக்கம் மேசையில் கிடந்தன. அவற்றைக் கவிழ்த்து வைத்தேன்.

தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு நாற்பத்தொன்று. எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்றுக்கு எதிரே தேவதாஸ் என்று நானே எழுதினேன்.

யாரும் கைதட்டவில்லை. நாற்காலிகளைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்பாசாமி மட்டும் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். ரசீது இன்னும் என் கையில்தான் இருந்தது.

“குடுங்க தம்பி,” என்றார். “ஜனவரியில புதுப்பிக்கப் போறப்ப இதக் காட்டணும்.”