வெறி முறிக்கும் புளியாணம்

"பவுலினா அக்கா, வெறி முறிய என்ன வழி? கெதியாச் சொல்லுங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மீரா முகைதீன் கேட்டதும், பவுலினாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. பள்ளிவாசல்துறையில் இதற்குப் பதில் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. ஞாயிறு பூசை தவறினாலும் சனிக்கிழமைக் குடி தவறாத புருஷன் அவளுக்கு வாய்த்திருந்தான். அவனைத் தெளியவைத்துத் தெளியவைத்தே கை தேர்ந்துவிட்டாள்.

"திரும்பவும் தொடங்கிட்டியா தம்பி? பள்ளிவாசல்ல தவ்பாச் செய்து, இனித் தொடவே மாட்டன் எண்டியே. அதெல்லாம் காத்துல போச்சா?"

"ஒரு போத்தல் மிஞ்சிக் கிடந்தது அக்கா. வெறும் அரிஷ்டப் போத்தலுக்குள்ள சாராயத்த ஊத்தி, குசினி அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சது. இண்டைக்குக் கொட்டுவம், நாளைக்குக் கொட்டுவம் எண்டு இருந்து இப்ப இந்தக் கேடு." அவன் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். "ஒரே தலையிடி, வாந்தி. வெளிச்சம் பட்டாலே ஆகுதில்ல. ஜுனைதா மத்தியான பஸ்ஸுல வாறா. அதுக்குள்ள தெளியல்லயெண்டா நான் செத்தன்."

அவன் சொன்னதில் மிகையே இல்லை. சண்டை முடிந்து, இரவிலும் கடலுக்குப் போக விட்ட புதிதில், வெளியூர் ஆட்களோடு ஆழத்துக்கு மீன்பிடிக்கப் போய்ப் பழகிய குடி அது. ஜுனைதா அழுது பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள், கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இனி இந்த வீட்டுக்குள்ள சாராயம் மணத்தா, உங்கட உடுப்புப் பை கேற்றுக்கு வெளிய நிக்கும்." வீடு அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. சொன்னால் செய்கிறவள்.

தங்கையைப் பார்க்கக் கரைத்தீவுக்குப் போகும்போதும் அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "உம்மாக்கு முழங்கால் நோவு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க" என்றாள், அவ்வளவுதான். அதைக்கூட அவன் ஒழுங்காகச் செய்யவில்லை.

"மாமிக்குத் தெரியுமா?" என்று பவுலினா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமிக்கு ஒண்டுமே தெரியாது. தெரியவும் வேணாம்."

"சரி, கேள். முதல்ல செவ்விளநீர், ஒரு துளி உப்புப் போட்டு. மடமட எண்டு குடிச்சா அப்படியே திரும்பி வந்திடும், மிடறு மிடறா இறங்கணும். பால் தேத்தண்ணி கிட்டவும் வரக்கூடாது. பிறகு பழஞ்சோத்துத் தண்ணி, அதுல சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும். கடைசியா ரசம் மாதிரி உறைப்பா ஒரு புளியாணம். அடுப்புல இருக்கு, நானே தாறன்."

"உறைப்பு வேணாமக்கா. மாசிக் கருவாட்டையும் நல்லா இடிச்சுப் போடுங்க, கடிக்க ஏலாது."

"ஏன், பல்லுக் கூச்சமா?"

"அப்படித்தான் எண்டு வைச்சுக்கொள்ளுங்களேன்."

இதென்ன புதுச் செல்லம் என்று முணுமுணுத்தபடி பவுலினா மாசியை இடித்தாள்.

மீரா முகைதீன் புளியாணச் சட்டியோடு ஓடினான். செவ்விளநீர் வெட்டினான். பழஞ்சோற்றைப் பிசைந்து பிழிந்தான். இடையிடையே ஜன்னல்களையெல்லாம் திறந்து, வாந்தி பட்ட பாயைக் கிணற்றடியில் போட்டுத் தேய்த்து, வெறும் போத்தலைத் தென்னைக்கடியில் புதைத்து, சாம்பிராணியும் போட்டான். யா அல்லா, இந்த ஒரு தரம் காப்பாத்து என்று வாய் ஓயாமல் முணுமுணுத்தது.

செவ்விளநீர் இறங்கியது, பாதி திரும்பி வந்தது. பழஞ்சோற்றுத் தண்ணீர் தங்கியது. கடைசியாகப் புளியாணம். நெற்றியில் வேர்வை அரும்பிய நேரம், ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது.

ஜுனைதா வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கைச் சுருக்கினாள்.

"பட்டப்பகல்ல எதுக்குச் சாம்பிராணி?"

"சும்மா... நுளம்புக் கடி."

அவள் பையைக் கீழே வைத்தாள். நேரே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"வாயத் திறங்க."

அவன் திறந்தான். அவள் மணந்து பார்த்தாள். சந்தேகம் தீராமல் சேர்ட்டையும் பிடித்து மணந்தாள். மெல்ல மெல்ல முகம் இளகியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள், கண் கலங்கி. "வழி நெடுக உங்களைப் பத்தித்தான் தப்பா நினைச்சுக்கொண்டு வந்தன். மன்னிச்சிக்கொள்ளுங்க."

அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கதிரையில் தொப்பென்று இருந்தான். பெண்சாதி மன்னிப்புக் கேட்ட அந்த நிமிடம் அப்படியே நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது.

நிற்கவில்லை. அறைத் திரை விலகியது. முழங்கால் நோவென்று கைத்தடியை விடாத மாமி, கைத்தடியில்லாமல், புளியாணக் கோப்பையைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"மகள், குசினி அலுமாரிக்குள்ள இருந்த அரிஷ்டம் முடிஞ்சிட்டு, மருமகனை இன்னொரு போத்தல் எடுக்கச் சொல்லு."