துரையின் ரத்தம்

துரை செத்த மறுநாள் காலையில் ரமீஜா அதன் ரத்தத்தை மறுபடி மெஷினில் வைத்தாள். விசேஷமாக எதுவும் நினைத்து வைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வேலை பார்க்கும் நாய் ஆஸ்பத்திரி லேப்பில், மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் பழைய சாம்பிள் ஒன்றைப் போடுவது வழக்கம். ஃப்ரிட்ஜில் கைக்கு அகப்பட்டது துரையின் டியூப்.

உயிரோடிருந்தவரை அந்த ராஜபாளையம் நாயின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் என்சைம் ஏறிக்கொண்டேதான் போனது. அதை வளர்த்த, சேத்தூரிலிருந்து தினமும் பைக்கில் வந்து பார்த்த பொன்னுராஜ், "எம்புட்டு கொறஞ்சிருக்கு தாயி?" என்று கேட்பார். ஒரு நாளும் அவளால் நல்ல பதில் சொல்ல முடிந்ததில்லை.

இப்போது குறைந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் குறைந்தது. மற்ற நாய்களுக்கு மெஷின் சரியாகவே காட்டியது. வாரக் கடைசியில் துரையின் என்சைம் நோயில்லாத நாயின் அளவுக்கு வந்து நின்றது.

அன்றைக்குத்தான் பொன்னுராஜ் துரையின் கழுத்துப்பட்டையை வாங்கிப் போக வந்தார். துரையைத் தென்னை மரத்தடியில் புதைத்ததைச் சொன்னார். பழக்கத்தில் வாய் தவறி, "எம்புட்டு கொறஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ரமீஜாவுக்குப் பொய் வரவில்லை. "நார்மலாயிருச்சு அண்ணாச்சி" என்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்து டியூபை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

பொன்னுராஜ் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"வெதுவெதுன்னு இருக்கே தாயி" என்றார். "நான் அவசரப்பட்டுப் பொதச்சிட்டனோ?"