ஆற்றைத் தாண்டிய பீரங்கி

"இன்னாங்க அநியாயம் இது! அந்தக் கரையில நின்னுகினு சுட்டா இந்தப் பக்கம் என் கோட்டை இடியுது. இது பீரங்கியா, ராக்கெட்டா?"

கோகுல்ராஜ் செல்போனில் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறியே ஒரு நொடி நின்றுவிட்டது.

ஆரணியிலிருந்து செய்யார் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவனையும் சேர்த்து நாற்பது பேர். நாற்பது பேரும் ஆடுவது ஒரே போர் விளையாட்டு. படை திரட்டி, கோட்டை கட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். போன மாதம் அதில் புதிதாக ஓர் ஆற்றங்கரைப் போர்க்களம் வந்தது. வந்தது சனி! அதில் எவன் முதலில் பீரங்கி வாங்குகிறானோ அவன் ஜெயித்தான். கோகுல்ராஜ் ஆசை ஆசையாக வளர்த்த குதிரைப்படை ஆற்றில் இறங்குவதற்குள் இங்கே கோட்டை தரைமட்டம். பதினேழு ஆட்டம் தோற்றுவிட்டான். மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

"சார், பீரங்கி எட்டுக் கட்டம்தான் பாயும்" என்றாள் விளையாட்டுக் கம்பெனியின் புகார்ப் பிரிவிலிருந்து கனிமொழி. "உங்க கோட்டை ஒன்பதாவது கட்டத்துல இருக்கு. அக்கரையில இருந்து சுட்டா படாது. அந்தத் தூரத்த இன்னும் குறைச்சா பீரங்கிக்காரங்க எங்களத் திட்டுவாங்க சார்."

"திட்டட்டுமே! நாங்க மட்டும் கொஞ்சிகினா இருக்கோம்?"

"ஏங்க, மெதுவா பேசுங்க. எனக்கு இப்ப போன் வரும்" என்று கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினாள் அவன் மனைவி பரிமளா.

அவள் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவள். கட்டம் கட்டமாய்க் கலர் வைத்து, பாதி மயிலை வரைந்து, அதையே திருப்பி மறுபாதியாய் ஒட்டுவாள். கடை முதலாளியோ, மூக்கு கோணல், வால் கோணல் என்று தினமும் நாலு பேர் எதிரில் அவளை வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க, சென்னை ஏஜென்சி ஒன்றுக்கு ஒரு மாதம் சோதனை வேலை செய்திருந்தாள். அதுவும் கட்டத்தில் கலர் வைக்கிற வேலைதான். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை. தரையில் பதிக்கிற டைல்ஸுக்கு இருக்கும் என்று இவளே நினைத்துக்கொண்டாள். வேலை நிரந்தரமா இல்லையா என்பது இன்றைக்குத் தெரியும். காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. வாசலில் கோலம் போடும்போதும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் போட்டாள்.

"கண்டிப்பா வரும். உன்ன மாதிரி ஆளு அவங்களுக்கு எங்க கெடைக்கும்?" என்று சொல்லிவிட்டு கோகுல்ராஜ் மாடிக்கு ஏறினான். ஏறியதும் பழைய சுதிக்கு வந்தான்.

"மேடம், நானே எண்ணிப் பாத்துட்டேன். கோட்டை எட்டாவது கட்டத்துலதான் இருக்குது. நீங்களும் ஜல்தியா எண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கனிமொழி எண்ணிப் பார்த்துவிட்டுப் போனைக் கைமாற்றினாள். பிறகு ஓர் ஆண்குரல் வந்தது. மணவாளனாம், பெரிய அதிகாரியாம்.

"சார், நீங்க எண்ணினது சரி. பீரங்கி மேல தப்பில்ல. ஆறு ரெண்டு கட்டம் அகலம் இருக்கணும், ஒண்ணுதான் இருக்கு. போர்க்களம் வரைஞ்சவங்க ஒரு வரிசைய விட்டுட்டாங்க. நல்லவேளை சொன்னீங்க, பீரங்கி பாயற தூரத்தக் குறைக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தோம். ஆத்த அகலமாக்கி சரி பண்ணிடறோம் சார்."

"சரி பண்ணிட்டா ஆச்சா? யாரு அந்தப் புண்ணியவான்?"

"வெளியில குடுத்து வாங்கினது சார். நல்லா செய்யறவங்கதான். ஏதோ ஒரு தடவ..."

"ஒரு தடவயா? ஒரு மாசமா நாப்பது பேரு பேஜாராயி கெடக்கறோம்! ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவங்களுக்கு எதுக்கு சார் வேலை? அவங்கள நிறுத்துங்க. இல்லேன்னா நாளைக்கு பஸ்ல ஏறினதும் நாப்பது பேரும் உங்க ஆட்டத்த போன்லேர்ந்து அழிச்சிடுவோம். பேப்பர்லயும் எழுதுவோம்!"

மணவாளன் பெருமூச்சு விட்டார். "சரிங்க சார். இனிமே அவங்களுக்கு வேலை கிடையாது. இப்பவே சொல்லிடறேன்."

கோகுல்ராஜ் மீசையைத் தடவிக்கொண்டான். பதினேழு தோல்விக்கும் சேர்த்து ஜெயித்த மாதிரி இருந்தது. பஸ் நண்பர்கள் அத்தனை பேருக்கும் 'நியாயம் கெடைச்சிடுச்சு' என்று செய்தி தட்டிவிட்டு, சீட்டியடித்தபடி கீழே இறங்கினான்.

பரிமளா ஏஜென்சிக்காரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேடம், நான் மறந்து விடல மேடம்... பாதிய வரைஞ்சு திருப்பி ஒட்டும்போது நடுவரிசை ரெண்டு தடவ வரக்கூடாது, ஒண்ண எடுத்துடணும். சேலை பார்டருக்கு அப்படித்தான் மேடம் செய்வோம்... நடுவுல நீல வரிசை ரெண்டா வரணும்னு எனக்கு யாருமே சொல்லலியே... மேடம்... ஹலோ..."

போன் அணைந்தது. கோகுல்ராஜ் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். சீட்டியும் நின்றுவிட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலை இல்லன்னுட்டாங்க. அவங்க மன்னிச்சு விடத்தான் பாத்தாங்களாம். புகார் குடுத்தவன்தான் நிறுத்தியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னானாம். அவனும் ஆரணிக்காரன்தானாம். ஏங்க, அவன்லாம் நல்லா இருப்பானா?"