வேறு யாராவது வசிக்கிறார்களா?

தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். வீட்டைப் பரிசோதிக்க வந்தவர் அளவுநாடாவைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"மேல ஆள் இருக்காங்களா?"

"பழைய வீடு. பலகை முனகும்," என்றாள் க்ளெண்டா. அவள் கணவர் நெவில் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பின்பக்க மாடி அறை பூட்டியிருந்தது. சாவி எங்களிடம் இல்லை என்றாள் க்ளெண்டா. அது பொய்யும் இல்லை. வாங்குபவர் அனுப்பிய அந்த மனிதர் அதற்கு மேல் வற்புறுத்தாமல், வந்ததைவிட வேகமாகப் படியிறங்கிப் போனார்.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெருவுக்கே அந்த அறையைத் தெரியும். மாடிப்படிச் சுவரில் ஜோயலின் படங்கள் வரிசையாக ஏறும். கைக்குழந்தை, பள்ளிச் சீருடை, பதினேழாவது பிறந்தநாள் கேக். அதோடு சரி. பதினோரு வருஷமாக அந்த வரிசையில் ஒரு படம்கூடக் கூடவில்லை. மகனைப் பற்றி விசாரிப்பதைத் தெருக்காரர்களும் மெல்ல விட்டுவிட்டார்கள்.

வீட்டை விற்காமல் முடியாது. நெவிலுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கூடத்து சோபாவில்தான் படுக்கை. குளிக்க மாடி ஏறுவதென்றால் அவருக்கு அது மலையேற்றம். ஃபைலியில், கடலோரமாக, படியே இல்லாத ஒரு வீடு அமைந்திருந்தது. இது கைமாறினால்தான் அது கிடைக்கும்.

பத்திர வேலையை இணையத்திலேயே முடித்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அதில் ஒரு வசதி, யாரும் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. சோபாவில் படுத்தபடியே படிவத்தில் டிக் அடித்துக்கொண்டு போகலாம். வேலி யாருடையது, பாய்லரை எப்போது பார்த்தீர்கள், பக்கத்து வீட்டோடு தகராறு உண்டா என்று கேட்ட அத்தனைக்கும் நெவில் சளைக்காமல் பதில் சொல்லியிருந்தார். நடுவில் இப்படியும் ஒரு கேள்வி வந்தது: உங்களைத் தவிர, பதினேழு வயது நிரம்பிய வேறு யாராவது இந்த வீட்டில் வசிக்கிறார்களா?

"இல்லை" என்பதில் டிக் அடித்துவிட்டு நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த க்ளெண்டா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பரிசோதகர் போன மறுநாளே வினை வந்தது. பூட்டிய அறையில் இருப்பது யார் என்று வாங்குபவரின் தரப்பு கேட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்வார்களாம். இதைச் சொல்ல நிறுவனத்திலிருந்து டானியா என்ற பெண் ஃபோனில் கூப்பிட்டாள். யாரும் இல்லை என்று நெவில் வாயெடுப்பதற்குள் க்ளெண்டா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒருத்தன் இருக்கான். எழுதிக்கோம்மா. ஜோயல் ஹோல்ட்."

டானியாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றாள். நம்பர் கொடுத்தால் லிங்க் அனுப்புவாளாம், ஃபோனிலேயே விரலால் போட்டுவிடலாமாம். க்ளெண்டா நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த இணைப்பை அவள் ஒரு மாதம்கூடத் துண்டிக்க விட்டதில்லை.

"உனக்கென்ன பைத்தியமா?" ஃபோனை வைத்ததும் நெவில் கேட்டார். "யாரு போடப்போறா கையெழுத்து?"

"நீ இல்லன்னு டிக் அடிச்சப்போ என் வயிறு எரிஞ்சுபோச்சு நெவில். பெத்தவ என்னால அப்படி எழுத முடியாது."

"அவன் இந்த வீட்ட விட்டு வரமாட்டான், க்ளெண்டா. அது உனக்கே தெரியும்."

தெரியும். அதனால்தான் அவள் அழுதாள். ஃபைலி வீடு போய்விடும், இந்த மனிதர் மிச்ச காலத்தையும் சோபாவிலேயே கழிக்க வேண்டும். ஆனாலும் எழுதியதை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் திரையில் ஜோயலின் பெயருக்கு எதிரே "காத்திருக்கிறோம்" என்றே இருந்தது. மாடியில் பலகை முனகுவதும் நின்றுவிட்டது. அந்த நிசப்தம்தான் இருவரையும் இன்னும் பயமுறுத்தியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் வளையவந்தார்கள்.

வெள்ளி மதியம் மூன்று மணிக்கு நெவில் தோற்றுப்போனார். மன்னிக்கவும், வீட்டை விற்பதாக இல்லை என்று டானியாவுக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் திரை ஒருமுறை மினுக்கியது.

ஜோயல் ஹோல்ட். கையெழுத்து பெறப்பட்டது.

நெவில் திரையை க்ளெண்டா பக்கம் திருப்பினார். நீ போட்டாயா என்று கேட்டார். அவள் ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. இல்லையென்று தலையாட்டினாள்.

மேலே, பகலில் ஒருநாளும் திறந்திராத அந்தத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. காலடிச் சத்தம் நடையைத் தாண்டி, படி தேடி, ஒவ்வொன்றாக இறங்கியது. க்ளெண்டா கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். படிக்கம்பிகளுக்கு நடுவே, வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி, தாடி மண்டிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பதினோரு வருஷம் அந்த ரூம்லயே கெடந்தது போதும்ப்பா. வேன் எத்தன மணிக்கு வருது?"