பதிவான முகம்

கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கோகிலவாணி அந்த வெளுப்பு ஆயின்மென்டைத் தடவிவந்தாள். முகம் நன்றாக வெளுத்திருந்த சமயத்தில்தான் அதை அரசாங்கம் பதிந்துகொண்டது. ஒருமுறை பதிந்தால் ஆயுளுக்கும் அதுதான். பனியன் கம்பெனி, பஸ், ரேஷன் கடை என்று எல்லாக் கதவும் அந்த முகத்துக்குத்தான் திறக்கும்.

விடாமல் தடவிய பதினோரு வருடத்தில் கன்னம் வெங்காயத் தோலாய் மெலிந்து, சிவப்பு நரம்புகள் ஓடி, தாடையில் முடி முளைத்துவிட்டது. "அதுல இருக்கறது ஸ்டீராய்டுங்க. இனித் தொடாதீங்க" என்றார் டாக்டர். நிறுத்திய பத்தாம் நாள் முகம் தீயாய் எரிந்து வீங்கியது.

கம்பெனி வாசல் கேமரா மூன்று தடவை பார்த்துவிட்டு, "இது நீங்கள் அல்ல" என்றது.

"தம்பி, நான்தான். பதினோரு வருசமா வாரேனில்ல?"

"எனக்குத் தெரியுதுக்கா. அதுக்குத் தெரியோணுமில்ல? பழைய மொகத்தோட வாங்க" என்றான் செக்யூரிட்டி.

ஒரு வாரம் வேலையில்லாமல் இருந்துவிட்டு மறுபடி தடவினாள். சிவப்பு அடங்கியது. கதவு திறந்தது.

மகள் இதழினிக்காவது இந்தக் கதி வரக்கூடாது என்று, ஜூன் மாதம் பள்ளியில் முகம் பதிந்த அன்று பவுடரைக்கூட அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் கேமரா முன் நிறுத்தினாள். கோடை லீவில் வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் பிள்ளை கொஞ்சம் வெளுத்திருந்தாள், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் இதழினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உன்ற மாதிரியே கேமராவுல பளிச்சுனு விழுந்தேனில்ல? லீவு பூரா உன்ற ட்யூபைத்தான் தடவுனேன்!"

கோகிலவாணி பையைத் துழாவி ட்யூபை எடுத்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இனி இரண்டு வாங்க வேண்டும்.