தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும்

“உங்கப்பா நம்ம கம்பெனி ஆளே இல்லியேம்மா” என்றார் அறக்கட்டளைச் செயலாளர் சுந்தரமூர்த்தி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

கம்பெனி ஆளே இல்லையாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நிற்கிற அந்த மனிதர் இருபத்தொரு வருடமாக இந்தத் தோல் தொழிற்சாலைக்குள் காலை ஏழரைக்கு நுழைகிறவர். வலது கையின் இரண்டு விரல்களை இங்கேதான், தோல் சீவுகிற மிஷினில் விட்டார். விரல் போன பிறகு குடோனில் தோல் கட்டுகளைத் தூக்குகிறார். அவரை வாட்ச்மேனுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், கேட்டருகே படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும்.

சம்பளம் கான்ட்ராக்டர் கையால் வருகிறதாம், அதனால் அவர் யாரோவாம்.

விமானம் ஓட்டப் படிக்க உதவித்தொகை தேடி ஒரு வருடமாக அலைகிறேன். ஒரு டிரஸ்டில், முதலில் ஐம்பது மணி நேரம் பறந்துவிட்டு வா, பிறகு தருகிறோம் என்றார்கள். பறக்கப் பணமிருந்தால் உங்கள் வாசலில் எனக்கென்ன வேலை? இன்னொரு சங்கம், ஆண் பிள்ளையாக இருந்தால் யோசிக்கலாம் என்றது. வங்கியில் ஈடு கேட்டார்கள். எங்களுக்கு இருப்பது கணியம்பாடியில் ஓர் ஓட்டு வீடு, அதிலும் பாதி பெரியப்பாவுடையது.

ஓர் அம்மாள், நர்சிங் படியேன், நாளைக்கே செக் தருகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

கடைசியில் மிஞ்சியது இந்த அறக்கட்டளை. தொழிலாளர் பிள்ளைகள் எது படித்தாலும் முழுச் செலவும் எங்களுடையது என்று கேட்டிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, மருத்துவச் சோதனையும் தேறிவிட்டேன். திங்கட்கிழமைக்குள் முதல் தவணையைக் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

“உடு பாப்பா, போலாம்” என்றார் அப்பா.

செயலாளரைவிட அவர்மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. எதற்கெடுத்தாலும் உடு. எட்டு வருடம் முன்பு விரல் போன அன்றும் இப்படித்தான் உடு என்றிருப்பார். நஷ்டஈடு என்று ஒரு பைசா வாங்கியதில்லை, ஏன் என்று யாரையும் கேட்டதும் இல்லை.

“எங்கப்பா இங்க வேலை செய்யலன்னு எந்தப் பேப்பர்ல சார் இருக்குது? காட்டுங்க.”

“வாணாம் பாப்பா.” அப்பா அவசரமாக உள்ளே வந்து என் தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

செயலாளர் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துப் பிரித்து, ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கோடு போட்ட நோட்டுத் தாள். எட்டு வருடத்தில் பழுப்பேறியிருந்தது.

‘ஐயா, புகழேந்தி ஆகிய நான் தங்கள் தொழிற்சாலையில் வேலை செய்பவன் அல்ல. நண்பரைப் பார்க்க வந்த இடத்தில், என் கவனக்குறைவால் மிஷினில் கையை வைத்துவிட்டேன். இதற்குக் கம்பெனி எந்த வகையிலும் பொறுப்பல்ல.’

கீழே இடது பெருவிரல் ரேகை.

“உங்கப்பா குடுத்த லெட்டர்தான்மா.”

பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டன.

ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் புள்ளிக்குப் பதில் ஒரு குட்டி வட்டம். பக்கத்தில் கிடந்த என் விண்ணப்பத்திலும் அதே வட்டங்கள்.

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த எட்டு வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோபம் அப்படியேதான் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்றுதான் தெரியவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா பாதி மயக்கத்தில் கிடந்தார், வலது கை முழுக்கக் கட்டு. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். செலவுக்குப் பணம் தர ஒரு கடிதம் வேண்டும், அப்பாவால் எழுத முடியாது, நீ எழுதும்மா என்றார். என் பள்ளிக்கூட நோட்டிலிருந்தே தாளைக் கிழித்தேன். அவர் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்துகூட அடிக்காமல் எழுதி முடித்தேன்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று கன்னத்தைத் தட்டினார். பெரியவளானதும் என்னவாகப் போகிறாய் என்று கேட்டார்.

பைலட் என்றேன்.